மருத்துவபீட இடம் யாருக்குச் சொந்தம்?

திறமை என்ற சொல்லை நாம் மிகவும் தாராளமாகப் பயன்படுத்தி வருகின்றோம். ஒரு பிள்ளை மருத்துவபீடத்துக்குத் தெரிவானால் அது அப்பிள்ளையின் திறமை. தெரிவாகாவிட்டால் திறமை போதாது. இவ்வளவோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் கிழமைகளில் எங்கள் கரையோர ஊர்களில், பள்ளிவாசல் சந்தியென்றாலும் கோயில் வீதியென்றாலும், பிள்ளைகளின் படங்களோடு பதாகைகள் தொங்குகின்றன. மாவட்ட நிலை எத்தனை, அகில இலங்கை நிலை எத்தனை என்று பெரிய எழுத்தில் போடுகின்றோம். அந்த எண் எதை அளந்து வந்தது, அளந்ததைக் கொண்டு எதைப் பங்கிடுகின்றோம் என்ற இரண்டு கேள்விகளையும் எவரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

பல நாடுகளில் பாடசாலைப் பரீட்சை வேறு, மருத்துவக் கல்விக்கான நுழைவுப் பரீட்சை வேறு. இலங்கையிலோ க.பொ.த. உயர்தரம் என்ற ஒரே பரீட்சை இரண்டு வேலைகளையும் செய்கின்றது. அது பிள்ளைக்கு ஏ, பி, சீ, எஸ் என்று சித்திகளைத் தருகின்றது. அதே விடைத்தாளிலிருந்தே இசட் புள்ளியும் பிறக்கின்றது. சித்தி, 'இந்தப் பாடம் உனக்கு எவ்வளவு தெரியும்' என்பதற்கான பதில். இசட் புள்ளி, 'உன்னோடு எழுதியவர்களுக்குள் நீ எங்கே நிற்கின்றாய்' என்பதற்கான பதில். 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது பதில்தான்.

கணக்கு கடினமானதல்ல. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, மிகுதியை நியம விலகலால் வகுத்தால் வருவது இசட் புள்ளி. ஓர் உதாரணத்துக்காகச் சொல்கின்றேன். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்றால், அதில் 70 எடுத்தவருக்கு இசட் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 10 என்றால், அதில் 75 எடுத்தவருக்கும் இசட் 2. முதலாமவருக்குச் சான்றிதழில் விழுவது பி. இரண்டாமவருக்கு ஏ. அனுமதிக்கோ இருவரும் சமம். இதில் அநியாயம் ஒன்றுமில்லை. கடினமான வினாத்தாளுக்கு முகங்கொடுத்தவரை இலகுவான வினாத்தாள் எழுதியவரோடு ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான வழி கிடைப்பது அரிது. ஆனால் இதிலிருந்து ஒன்று விளங்குகின்றது. மூன்று ஏ எடுத்த பிள்ளை மருத்துவபீடம் போகாமலிருக்கலாம் என்பது பிழையான கணிப்பின் விளைவல்ல. அறிவையும் வரிசையையும் நாம் வேறு வேறாக அளக்கின்றோம். அளந்த பின்னர் இரண்டையும் 'திறமை' என்ற ஒரே பெயரால் அழைக்கின்றோம்.

வரிசை எவ்வளவு இலேசாக மாறக்கூடியது என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் எழுதியோரும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியோரும் இருந்தனர். இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தமை வழக்கானது. 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அப்புள்ளிகளை இரத்துச் செய்து, இரண்டு பகுதியினருக்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு உத்தரவிட்டது. எந்த விடைத்தாளிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. எந்தப் பிள்ளையின் அறிவும் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் கணிப்பு மாறியபோது வரிசையும் மாறியது.

இனி, அளந்ததைப் பங்கிடும் விடயம். இன்றுள்ள முறைப்படி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் அடங்குகின்றன.

இதை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் களுதாவளையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையே வெற்றிலைத் தோட்டங்களும் மிளகாய், மரக்கறிச் செய்கையும், பெயர்பெற்ற பிள்ளையார் கோயிலுமாக உள்ள ஊர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போன தலைமுறைகள் அந்த ஊரிலிருந்து படித்து வந்திருக்கின்றன. அங்கிருந்து தெற்கே போனால் களுவாஞ்சிக்குடி, ஓந்தாச்சிமடம், கல்லாறு. அதற்கப்பால் மாவட்ட எல்லை. எல்லையைத் தாண்டினால் நீலாவணை, மருதமுனை, கல்முனை. அரை மணித்தியால பஸ் பயணம்தான். எனினும் களுதாவளைப் பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, மருதமுனைப் பிள்ளைக்கு வேறொரு வெட்டுப்புள்ளி. ஒரே கடற்காற்று, ஒரே மொழி, ஒரே டியூசன் கொட்டிலில் பக்கத்துப் பக்கத்து வாங்கு. இருந்தும் இசட் புள்ளியின் நாலாம் தசமதானத்தில் இருவரும் பிரிக்கப்படலாம்.

மறுபுறத்தில், களுதாவளைப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளையும் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உள்ள பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில்தான் சேர்கின்றார்கள். உயிரியல் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைகள் படுவான்கரையில் எத்தனை என்பது அங்கு வாழ்வோருக்குத் தெரியும். பட்டிருப்பு வலயத்துக்கும் மட்டக்களப்பு மேற்கு வலயத்துக்கும் மத்தி வலயத்துக்கும் இடையில் உள்ள ஏற்றத்தாழ்வு மாவட்டம் என்ற அளவுகோலின் கண்ணில் படுவதில்லை. பின்தங்கிய மாவட்டத்துக்கென ஒதுக்கியதை அந்த மாவட்டத்தின் முன்னேறிய பாடசாலைகளே பெரும்பாலும் பெற்றுக்கொள்கின்றன.

இந்த இடத்தில் பழைய காயம் ஒன்றைத் தொடாமல் போவது நேர்மையாகாது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவருக்கு 400க்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 229 போதுமாயிருந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி போட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று எழுந்தது; அது நிரூபிக்கப்படவில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். முஸ்லிம் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் அவர் காலத்தில் பெருகின என்பதனால் எமது சமூகம் அவரை நன்றியோடு நினைவுகூருகின்றது. அந்த நன்றி நியாயமானதே. ஆனால் அதே பெயர் தமிழர் வீடுகளில் வேறு விதமாக நினைவுகூரப்படுகின்றது.

களுதாவளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எனது நீண்டகால நண்பர். 1990இற்குப் பின்னர் ஒரே வீதியால் போய்வந்தும் எங்கள் இரு சமூகங்களும் பேசிக்கொள்ளாதிருந்த ஆண்டுகளிலும் அவர் எனக்குக் கடிதம் எழுதியவர். ஒருமுறை இந்தப் பேச்சு வந்தபோது அவர் சொன்னார்:

"நீங்க அவர நினைக்கிற மாதிரி எங்கட ஆக்களுக்கு நினைக்க ஏலா மாஸ்டர். 250 எண்டுற எண் எங்கட வயசுக்காரருக்குச் சாகும் வரைக்கும் மறக்காது."

"காத்தான்குடிப் பொடியனும் தமிழிலதானே எழுதினான். அவனுக்கும் அதே 250தானே?" என்றேன்.

"ஓம். அத உங்கட ஆக்கள் எப்பயாவது வெளிய சொன்னதுண்டா?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "எங்கட தம்பி பிறகு மாவட்டக் கோட்டாவிலதான் கம்பசுக்குப் போனான். அதையும் சொல்லத்தானே வேணும்."

அவருடைய வாயிலிருந்து வந்த இரண்டு வசனங்களுக்குள் முழுப் பிரச்சினையும் அடங்கிவிட்டது. ஒரே ஊரை, ஒரே குடும்பத்தை, ஒரு திருத்தம் கீழே தள்ளியது. மற்றொரு திருத்தம் மேலே தூக்கியது. ஆகவே 'தரப்படுத்தல் சரியா, பிழையா' என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்தத் திருத்தம், எதற்காக என்றுதான் கேட்க வேண்டும். மொழிவாரித் திருத்தம் பிள்ளை படித்த பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்ததா என்று பார்க்கவில்லை. கொழும்பின் பெரிய கல்லூரியில் தமிழில் படித்தவனையும் காத்தான்குடியில் படித்தவனையும் ஒரே தட்டில் போட்டுப் பாரத்தை ஏற்றியது. அது குறையை நிரப்பவில்லை. அடையாளத்துக்கு விலை வைத்தது. மாவட்டத் திருத்தமோ எவ்வளவு கரடுமுரடானதென்றாலும் வசதியின்மை என்ற உண்மையான ஒன்றைத் தேடியது. தேடிய இடம் துல்லியமில்லை என்பது வேறு விடயம். 1977இற்குப் பிறகு மொழிவாரித் திருத்தம் கைவிடப்பட்டதும் மாவட்ட அடிப்படை வீதங்கள் மாறி மாறி இன்றுவரை நிலைப்பதும் இந்த வேறுபாட்டுக்குச் சாட்சி.

கடல் கடந்து தமிழ்நாட்டைப் பார்த்தால் இதே வழக்கு வேறு உடையில் நிற்கின்றது. அங்கே நுழைவுத் தேர்வு நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்கே சாதகமானது என்று கூறி 2006இல் சட்டம் இயற்றி, 2007இலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியையே அளவாகக் கொண்டார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. விடுதி வைத்து, பதினொராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருடம் மனனம் செய்விக்கும் தனியார் பள்ளிகள் நாமக்கல் பக்கத்தில் பெருகின. புள்ளிக்கும் சந்தை வந்தது. 2017இலிருந்து நீட் பரீட்சை தமிழ்நாட்டிலும் கட்டாயமானது. அவ்வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா, நீட் புள்ளியால் இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 வீத உள் ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. ஆக, பாடசாலைப் புள்ளியா நுழைவுப் புள்ளியா என்ற சண்டையில் எது வென்றாலும் பணம் அதன் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கின்றது. அளவுகோலை மாற்றுவதால் மட்டும் நீதி வந்துவிடுவதில்லை.

அப்படியானால் புள்ளிக்குப் பெறுமதியே இல்லையா? உண்டு. இரசாயனவியலின் அடிப்படை விளங்காத ஒருவரிடம் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கொடுக்க முடியாது. ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அந்த மட்டத்துக்கு மேலே நிற்பவர்களுள் முன்னால் நிற்பவரே நல்ல வைத்தியராவார் என்று புள்ளி உறுதி சொல்வதில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரி 2001இல், வசதி குறைந்த பாடசாலைகளிலிருந்து குறைந்த புள்ளிகளோடு வந்த பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்துக் கற்பிக்கத் தொடங்கியது. அவர்களுள் பெரும்பான்மையோர் ஏனையோரைப் போலவே வைத்தியர்களாக வெளியேறினர். நெதர்லாந்திலோ 1970களிலிருந்து 2017 வரை மருத்துவ இடங்கள் சீட்டுக்குலுக்கலில் வழங்கப்பட்டன. பாடசாலைப் புள்ளி கூடியவருக்குச் சீட்டில் வாய்ப்பும் கூடியது. 2023இலிருந்து குலுக்கலுக்கு அங்கே மீண்டும் இடமளித்திருக்கின்றார்கள். சீட்டுக் குலுக்கச் சொல்லி நான் வாதாட வரவில்லை. ஓர் எல்லைக்கு மேல் வரிசை என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டமே என்பதை வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் துணிவு அந்த நாட்டுக்கு இருந்தது என்பதைத்தான் குறிப்பிடுகின்றேன்.

எமது நாட்டிலும் இதற்குச் சான்று இருக்கின்றது. இசட் புள்ளி போதாத பிள்ளைகளுள் பெற்றோரிடம் வசதியுள்ளவர்கள் சீனாவுக்கும் பங்களாதேஷுக்கும் ரஷ்யாவுக்கும் போய் மருத்துவம் கற்கின்றார்கள். திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடைந்தால் அவர்களும் வைத்தியர்களே. அவர்கள் தகுதியானவர்கள் என்று நாடு ஏற்றுக்கொள்கின்றதென்றால், முன்பு அவர்களை வெளியே நிறுத்தியது தகுதியின்மை அல்ல, இடப்பற்றாக்குறைதான் என்றாகின்றது. அதே இசட் புள்ளியோடு நின்ற தோட்டக்காரரின் மகனுக்கும் தறிக்காரரின் மகளுக்கும் அந்த இரண்டாவது கதவு இல்லை. அவர்களிடம் மட்டும் 'திறமை போதாது' என்று சொல்லி அனுப்புகின்றோம். இது பொய் சொல்வதற்குச் சமம்.

இங்கேதான் எமது மார்க்க மரபு நமக்கு ஒரு வேறான பார்வையைத் தருவதாக நான் கருதுகின்றேன். 1111இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (றஹ்) தமது இஹ்யாவின் அறிவு பற்றிய பகுதியில் மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயா என்று வகுக்கின்றார். ஊரில் சிலர் அதை நிறைவேற்றினால் எல்லோருக்கும் கடமை நீங்கும். எவரும் நிறைவேற்றாவிட்டால் முழு ஊருமே குற்றவாளி. வைத்தியர் இல்லாத ஊர்கள் பல இருக்க, பதவியும் செல்வாக்கும் கிடைக்கும் என்பதற்காகப் பலரும் பிக்ஹு விவாதங்களில் முண்டியடிப்பதை அவர் அங்கே கண்டிக்கின்றார். அன்று பதவியும் செல்வாக்கும் பிக்ஹில் இருந்தன. இன்று அவை மருத்துவத்துக்கு இடம் மாறியிருக்கின்றன. முண்டியடிப்பு மாறவில்லை. பர்ளு கிஃபாயா என்பது தனிமனிதனின் வெற்றிக்குக் கொடுக்கும் பரிசு அல்ல; ஊரின் தலையில் உள்ள கடன். அந்தக் கடனைத் தீர்க்க ஊர் தன் சார்பில் ஒரு பிள்ளையை அனுப்புகின்றது. கொழும்பில் என்றாலும் வந்தாறுமூலையை மையமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்தில் என்றாலும், அந்தப் படிப்புக்கான செலவு இலவசக் கல்வி என்ற பெயரில் எல்லோருடைய வரிப்பணத்திலிருந்தும் போகின்றது.

எமது வரலாற்றில் பரீட்சைக்கும் இடமுண்டு. 931ஆம் ஆண்டு பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். கலீபா முக்ததிர், ஸினான் இப்னு தாபித் என்ற வைத்தியரிடம் நகரத்து வைத்தியர்களைப் பரீட்சிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 800க்கும் மேற்பட்டோர் பரீட்சிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அந்தப் பரீட்சை எதற்காக நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாமவர் யார், நூறாமவர் யார் என்று வரிசைப்படுத்த அல்ல, நோயாளியைக் காப்பாற்ற. எவர் எந்த அளவுக்கு வைத்தியம் செய்யலாம் என்று எல்லை வகுப்பதே அதன் நோக்கமாயிருந்தது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பதையும் மக்களிடையே நீதியாகத் தீர்ப்பளிப்பதையும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் சேர்த்தே பேசுகின்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. மருத்துவபீட இடம் ஓர் அமானிதம் என்றால் அதற்கு உரிமைக்காரர் மாணவர் அல்லர். நோயாளியே உரிமைக்காரர். மாணவர் அதைச் சுமப்பவர்.

இப்படிப் பார்த்தால் மாவட்ட ஒதுக்கீட்டை ஆதரிப்பவர்களுக்கும் ஒரு சங்கடமான கேள்வி காத்திருக்கின்றது. ஒதுக்கீடு மாவட்டத்தின் பெயரால் கொடுக்கப்படுகின்றது. ஆனால் அதைப் பெறுவது மாணவர். மட்டக்களப்பின் பெயரால் இடம் பெற்றவர் மட்டக்களப்புக்குத் திரும்பி வரவேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. படிப்பு முடிந்த பின்னரும் வரிசைதான் ஆட்சி செய்கின்றது. இறுதிப் பரீட்சைத் தரவரிசையில் முன்னால் நிற்பவர் வேண்டிய வைத்தியசாலையைத் தெரிவுசெய்ய, பின்னால் நிற்பவருக்கு எஞ்சியது கிடைக்கின்றது. எவரும் விரும்பாத இடங்களில் பெரும்பாலும் படுவான்கரை போன்ற பிரதேசங்களே எஞ்சுகின்றன. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டைவிட்டே போனார்கள். போனவர்களைக் குறை சொல்வது இலகு. பிள்ளைக்கு நாலு வயதிலிருந்து 'முன்னுக்கு வா, முன்னுக்கு வா' என்று சொல்லிக்கொடுத்த நாம், முன்னுக்கு வந்தவர் இன்னும் முன்னுக்குப் போவதைக் கண்டு ஆச்சரியப்படுவதற்கு நியாயமில்லை.

எனவே எனது நிலைப்பாடு இதுதான். தகைமைக்கான மட்டம் ஒன்று வேண்டும். அது எல்லோருக்கும் ஒன்றாயிருக்க வேண்டும். மொழிக்கும் இனத்துக்கும் ஏற்ப அது வளையக் கூடாது. அந்த மட்டத்துக்கு மேலே இடங்களைப் பங்கிடும்போது பிள்ளை எங்கிருந்து, எந்தப் பாடசாலையிலிருந்து, எவ்வளவு குறையைத் தாண்டி வந்தது என்று பார்ப்பது சலுகை அல்ல, சரியாக அளப்பதன் ஒரு பகுதி. மாவட்டம் என்ற பெரிய சல்லடை போதாது; பாடசாலை வரைக்கும் இறங்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது காத்தான்குடியின் வசதியுள்ள பிள்ளை படுவான்கரையின் வசதியற்ற தமிழ்ப் பிள்ளைக்கு வழிவிட வேண்டி வரலாம். களுதாவளையின் வசதியுள்ள பிள்ளை ஓட்டமாவடிக்கு அப்பால் உள்ள ஏழை முஸ்லிம் பிள்ளைக்கு வழிவிட வேண்டி வரலாம். அதற்கு நாம் தயாரா என்பதே எமது நீதியுணர்வுக்கான பரீட்சை. நமக்கு இலாபமாக வரும்போது மட்டும் ஏற்றுக்கொள்ளும் தராசைத் தராசு என்று சொல்ல முடியாது. இடத்தின் பெயரால் பெற்றவர் குறிப்பிட்ட சில ஆண்டுகளாவது அந்த இடத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்று கேட்பதும் அளவுக்கு மீறியதல்ல.

இதற்கெல்லாம் சட்டம் வேண்டும், காலம் வேண்டும். ஆனால் ஒரு காரியத்தை இன்றே செய்யலாம். மூன்று தடவை தோற்றியும் ஒரு சிறு தசமத்தால் வெளியே நின்ற பிள்ளைக்கு வீட்டில் நாம் என்ன சொல்கின்றோம் என்பதை மாற்றலாம். உனக்கு அறிவு போதாது என்று அந்தப் பரீட்சை சொல்லவில்லை. இடம் போதாது என்றுதான் சொன்னது. இதை வாப்பாவும் உம்மாவும் விளங்கிக்கொண்டு பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால், ஆய்வுகூடத்துக்கும் தாதியர் கல்லூரிக்கும் உயர்தர வகுப்பின் கரும்பலகைக்கும் அந்த அறிவு போய்ச் சேரும். படுவான்கரையின் ஒரு பாடசாலைக்கு நல்ல உயிரியல் ஆசிரியர் ஒருவர் கிடைப்பதும் அந்தக் கடனில் ஒரு பங்கைத் தீர்ப்பதே.